ஏழாம் தேதிப் பட்டியல்

மாதக் கடைசி வாரத்தில் ஜொகூரில் தமிழ்ப் பாட்டு விற்காது. 1980களில், ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவானில் இருக்கும் ராஜமாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தவன் நான். பெரிய நடிகர் படமாக இருக்கட்டும், இளையராஜாவே இசையமைத்திருக்கட்டும், இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் கடைக்கு வருகிறவர்கள் கேசட்டைக் கையில் எடுப்பார்கள், பின் அட்டையில் பாடல் வரிசையைப் படிப்பார்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். மாதம் பிறந்ததும் முதல் கூட்டம் வரும். அவர்கள் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஏழாம் தேதியை ஒட்டி இரண்டாவது கூட்டம். கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளைக்குள் கூலி கொடுத்துவிட வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். எங்கள் பாட்டுகள் ஏறியதும் இறங்கியதும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

அதனால், பாட்டுகளின் வாரப் பட்டியல் என்று யாராவது பேச்செடுத்தால் அது யாருடைய வாரம் என்று கேட்கத் தோன்றும்.

அமெரிக்காவில் பில்போர்டு இதழ் இசைத்தட்டு விற்பனையை வைத்து முதல் பட்டியலை 1940 ஜூலையில் வெளியிட்டது. இங்கிலாந்தில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழ் தன் பட்டியலை 1952 நவம்பர் 14இல் தொடங்கியது. அந்த இதழின் பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு அதிகம் போயிற்று என்று கேட்டு எழுதிக்கொண்டார். அல் மார்ட்டினோ பாடிய பாட்டு முதலிடம் பெற்றது. பிரிட்டிஷ் பாப் பட்டியலின் தொடக்கம் அவ்வளவுதான்: ஒரு மனிதர், ஒரு தொலைபேசி, இருபது கடை. அந்த ஊரில் தொழிலாளிக்கு வெள்ளிக்கிழமைதோறும் உறையில் போட்டுக் கூலி கொடுப்பார்கள். சனிக்கிழமை இளைஞர்கள் கடைக்குப் போவார்கள். வாரக் கூலி வாங்கும் ஊருக்கு வாரப் பட்டியல் பொருந்திப்போனது. மாதச் சம்பளமும் நடுவில் ஒரு முன்பணமும் வாங்கிய எங்கள் தோட்டத்து மக்களை அந்தக் கணக்குக்குள் கொண்டுவர முடியாது. ஆனாலும் எங்களிடமும் பாட்டுகள் முந்தின, பிந்தின, வருடக்கணக்கில் காணாமல் போய்த் திரும்ப வந்தன. அதை யாரும் அச்சிடவில்லை என்பதற்காக அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

மலாயாவில் வானொலி என்பதே ஜொகூரில்தான் தொடங்கியது. இங்குள்ள இளைய தமிழர்களுக்கு இதை நான் சலிக்காமல் சொல்லி வருகிறேன். 1921இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின்சார அதிகாரி ஏ. எல். பர்ச் என்பவர் ஒரு வானொலிப் பெட்டியைத் தருவித்தார், ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை அமைத்தார், 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பும் செய்தார். பினாங்கும் கோலாலம்பூரும் பிறகு பின்தொடர்ந்தன. 1937 மார்ச்சில் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் முறையான நிலையம் திறக்கப்பட்டது. போர் முடிந்து 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா வந்தது. அதன் தமிழ்ப் பகுதியின் வழியாகத்தான் எங்கள் அப்பா தலைமுறை சினிமாப் பாட்டைக் காற்றில் கேட்டது.

தனிப் பெட்டி வாங்க வசதி உள்ளவர்கள் தோட்டத்தில் ஒன்றிரண்டு பேர்தான். தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டில் ஒன்று இருக்கும், சமயத்தில் கடைக்காரர் வீட்டில் ஒன்று. அவசரகாலம் வந்தபோது கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரத்துக்காக அரசாங்கமே தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகளைக் கொடுத்தது. அப்பா குளுவாங் பக்கத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, அடையாள அட்டைச் சோதனை. இவற்றுக்கு நடுவே சாயங்காலத்தில் லயத்து ஜனம் பெட்டியின் முன்னால் கூடும். செய்தி வாசித்து முடியும்வரை பொறுத்திருப்பது அதற்குப் பின்னால் வரும் பாட்டுக்காக என்று அப்பா சொல்வார். ஒரே பெட்டி, ஒரே நேரம், நூற்றுக்கணக்கான காது. ஒரு பாட்டு பிடித்துப்போனால் மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போதே அதை முணுமுணுப்பார்கள். எந்த நிரையில் எந்தப் பாட்டு கேட்கிறது என்பதை வைத்து எது மேலே போகிறது என்று மேற்பார்வை பார்க்கும் தண்டலுக்கே தெரிந்துவிடுமாம்.

1960களின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு டிரான்சிஸ்டர் வந்தது. அதற்குள் 1959இலேயே ரேடியோ மலாயா கோலாலம்பூருக்கு இடம் மாறியிருந்தது, சிங்கப்பூருக்குத் தனி நிலையம் ஆகியிருந்தது. தென் ஜொகூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய லாபம். இரண்டு நாட்டுத் தமிழ் ஒலிபரப்பும் எங்களுக்குக் கிடைத்தது. குளுவாங்கில் சிங்கப்பூர் சில ராத்திரிகளில் தெளிவாகவும் சில ராத்திரிகளில் கரகரப்பாகவும் கேட்கும். ஜொகூர் பாருவில் அது பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்கும்.

பெரியக்காதான் எங்கள் லயத்து வரிசைக்கு நேயர் விருப்ப அட்டை எழுதுகிறவள். ஆறாம் வகுப்போடு நின்றவள், ஆனால் கையெழுத்து மணிமணியாக இருக்கும். பாட்டின் பெயர், படத்தின் பெயர், அதன் கீழே விரும்பிக் கேட்பவர்களின் பெயர்கள். அம்மா, அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மச்சான், தொங்கல் வீட்டு ஆயா, தொட்டிலில் கிடக்கும் பிள்ளை. அட்டையில் இடம் தீரும்வரை பெயர்தான். அறிவிப்பாளர் ஒவ்வொன்றாகப் படிப்பார். சிகாமட் தோட்டத்துப் பெயர்கள், லாபிஸ் தோட்டத்துப் பெயர்கள், மூவார், பத்து பகாட், கோத்தா திங்கி. ஒரே பாட்டை எத்தனை தோட்டம் கேட்டிருக்கிறது என்று அக்கா விரல் விட்டு எண்ணுவாள். போன வாரம் நாலு தோட்டம் கேட்ட பாட்டு இந்த வாரம் ஏழு தோட்டத்திலிருந்து வந்தால் அவளுக்கு அது ஏறுகிற பாட்டு. சங்கமோ பத்திரிகையோ யாரும் கேட்டுக்கொள்ளாமல் லயத்து வாசலில் உட்கார்ந்து ஒரு பெண் போட்ட கணக்கு இது. டிக்கின்ஸின் இருபது கடையைவிட இதில் குறைவான நியாயம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பாட்டு இங்கே வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். இந்திய இசைத்தட்டுகளில் பெரும்பகுதி கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலையில் அழுத்தப்பட்டவை. தமிழ்த் தட்டு சென்னைக் கடைகளுக்குப் போய், கப்பல் ஏறும். ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். மாமியாருக்கு வந்த ஊறுகாயும் கோயிலுக்கு வந்த குத்துவிளக்கும் அதில்தான் வந்தன, தட்டும் அதில்தான் வந்தது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இறங்கிய சரக்கு பாலம் கடந்து ஜொகூருக்கு ஏறும். படம் அதற்கும் பின்னால் வரும். ஆகவே பாட்டு முதலில் வானொலியில் கேட்கும், பிறகு தட்டாக வரும், படம் நகரத் திரையரங்குக்கு வரும், கடைசியாகத் தோட்டத்துத் திருவிழாவில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அதே பாட்டு மறுபடி எழும். சென்னையில் மறந்துபோன பாட்டு இங்கே அப்போதுதான் உச்சிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதே காலத்தில் இந்தப் பகுதியில் அச்சடித்த பட்டியலும் இருந்தது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் பள்ளிப் பையன்கள் தொடங்கிய தி குவெஸ்ட்ஸ் குழுவின் ‘ஷாண்டி’ என்ற கிட்டார் இசை 1964இல் அங்கே முதலிடத்துக்கு ஏறியது. அது கீழே தள்ளியது பீட்டில்ஸ் பாட்டை. ஜொகூர் பாருவில் கிட்டார் வைத்திருந்த ஒவ்வொரு பையனும், தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாரும், அதை வாசித்துப் பார்த்தார்கள் என்று என் மூத்த நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1960களின் பிற்பகுதியில் பில்போர்டு இதழ் உலக நாடுகளின் வெற்றிப் பாட்டுகளைப் போடும் பக்கத்தில் ரெடிஃப்யூஷன் வானொலி தந்த சிங்கப்பூர்ப் பட்டியலும் இருந்தது. பழைய இதழ்களைப் புரட்டினால் அந்த வரிசையை நிரப்புவது ஆங்கிலப் பாட்டுதான். அந்த வாரங்களில் எம்.எஸ். விஸ்வநாதனின் இசை கேட்காத தமிழ் வீடு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இல்லை. எண்ணிய கடைகளில் நாங்கள் நிற்கவில்லை, எண்ணியவர்கள் நாங்கள் நின்ற கடைக்கு வரவில்லை.

நம் பக்கத்து உலகில் பாட்டுகளை எண்ணுவதைச் சரியாகச் செய்தவர் அமீன் சயானி. இலங்கை வானொலியில் 1952 டிசம்பரில் தொடங்கிய பினாகா கீத்மாலா நிகழ்ச்சியை ஒரு பற்பசைக் கம்பெனியின் செலவில் நடத்தினார். அப்போது இந்திய ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தார். கேட்கிறவர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். சயானி இந்திப் பாட்டுகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தினார். வெறும் கடை விற்பனையை மட்டும் நம்பினால் படத் தயாரிப்பாளர்கள் தாங்களே தட்டுகளை வாங்கிக் கணக்கை உயர்த்திவிடலாம் என்பதால், ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துக்கொண்டார். கடையையும் அட்டையையும் ஒன்றாக எண்ணிய முறை அது. கடித மூட்டைகள் வந்து குவிந்தன. 2024 பிப்ரவரியில் அவர் காலமான செய்தியைப் படித்தபோது எனக்குப் பெரியக்காவின் அட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. அப்படி ஒருவர் ஜொகூர்த் தோட்டத்து அட்டைகளை எண்ணி வாராவாரம் சொல்லியிருந்தால் எங்கள் மக்களின் ரசனைக்கு இன்று ஒரு ஆவணம் இருந்திருக்கும்.

கடைக்கு வருகிறேன். முதலாளியிடம் நீள வாக்கில் ஒரு கணக்கு நோட்டு உண்டு. படத்தின் பெயர் ஓரத்தில், தேதி மேலே, விற்றதற்குக் கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் குறுக்கே ஒரு வெட்டு. சிங்கப்பூரிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் சரக்கு எடுக்க அதைத்தான் பார்ப்பார். நாளாக ஆக எனக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தது. நவம்பர் முதல் ஜனவரி வரை கோடுகள் மெலியும். வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி குறையும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது பால் குறையும், கோடும் குறையும். ரப்பர் விலை ஏறினால் தொழிற்சங்க ஒப்பந்தப்படி பால் வெட்டுகிறவருக்கு விலைக்கேற்ற கூடுதல் தொகை வரும். பி. பி. நாராயணன் தலைமையில் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேசிப் பேசி வாங்கித் தந்தவற்றில் அதுவும் ஒன்று. அந்த மாதங்களில் ஒரே ஆள் மூன்று கேசட் வாங்குவார். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் மழை, விலை எதுவும் செல்லாது. கடை நிரம்பி வெளியே ஐந்தடி நடைபாதையில் ஆள் நிற்கும். நல்ல பாட்டு ஏறும், மோசமான பாட்டு இறங்கும் என்று வாரப் பட்டியலைப் பார்த்துப் பேசுகிறவர்களிடம், அதற்குப் பின்னால் மழையும் ரப்பரும் இருந்ததை நான் காட்ட விரும்புகிறேன்.

நோட்டில் ஏறாத வியாபாரம் ஒன்றும் இருந்தது. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார், நாங்கள் வெற்று கேசட்டில் பதிந்து கொடுப்போம். அன்று பல கடைகளில் நடந்த வழக்கம். 1987இல் மலேசியாவும் சிங்கப்பூரும் புதிய பதிப்புரிமைச் சட்டங்களைக் கொண்டுவந்த பிறகு அது மெல்ல ஒடுங்கியது. 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம், ஏறக்குறைய பத்துப் பாட்டு. ஏ பக்கத்தின் முதல் பாட்டை யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுப்பார்கள். சிலர் கடையில் நின்றபடியே மூன்றாவதை அடித்து முதலுக்குக் கொண்டுபோவார்கள். பள்ளி நோட்டுத் தாள், சம்பளச் சீட்டின் பின்புறம், சிகரெட் பெட்டியின் உள் அட்டை, எல்லாவற்றிலும் வரிசை எண் போட்ட பத்துப் பாட்டு. கட்டுக்கட்டாக அந்தத் தாள்கள் மேசைக்கு அடியில் கிடந்தன. 1980இல் வந்த ‘ஒரு தலை ராகம்’ படப் பாட்டு அந்தத் தாள்களில் ஐந்தாறு வருடம் கழித்தும் மேல் வரிசையில் இருந்தது. 1989இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபோது நகரத்து ஆட்களைவிடத் தோட்டத்து ஆட்கள் முந்திக்கொண்டார்கள். நாதஸ்வரமும் தவிலும் அம்மன் திருவிழாவும் அவர்களுக்குச் சொந்த விஷயம். வந்து பல மாதம் ஆகி, திருவிழாக்களில் அந்தப் படத்தைப் போடத் தொடங்கியதும் இன்னொரு சுற்று விற்றது.

அதே தாள்களில் அலிகேட்ஸ் பாட்டும் கலந்திருக்கும். பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்ற சகோதரர்களின் குழு மலாய்ப் பாட்டில் நாடறிந்தது. தமிழ்ப் பையன் ஒருவன் ஏ பக்கம் முழுக்க இளையராஜாவும் பி பக்கத்தில் பாதி அலிகேட்ஸும் கேட்டு எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மொழிவாரியாகப் பிரித்து எண்ணும் எந்தப் பட்டியலும் அந்தப் பையனைப் பிடிக்காது.

கடைக்காரன் வாய்ச்சொல்லை நம்பி எண்ணுவதில் உள்ள கோளாறு அமெரிக்காவிலேயே பிறகு வெளிப்பட்டது. 1991இல் பில்போர்டு கடைக்காரர்களைக் கேட்பதை விட்டு, கல்லாவில் பட்டைக்கோட்டைப் படிக்கும் கணக்குக்கு மாறியது. மாறிய சில வாரங்களுக்குள் ஒரு ராப் குழுவின் தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. கிராமியப் பாடகர்கள் திடீரென்று மேலே தெரிந்தார்கள். அவர்களை வாங்கியவர்கள் முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கறுப்பின இளைஞர்களும் சிற்றூர்க்காரர்களும் கேட்டதைக் கடைக்காரர்கள் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவே. அந்தச் செய்தி எனக்கு எங்கள் கதையாகவே பட்டது.

1990களில் தோட்டங்கள் கலையத் தொடங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. குளுவாங், ரெங்கம் ஜனம் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் ஸ்கூடாய், தம்போய் அடுக்கு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. 1994இல் நெடுஞ்சாலைப் பயணிகளுக்காகத் தொடங்கிய டைம் ஹைவே ரேடியோ பின்னாளில் ராகா என்ற தமிழ் வானொலி ஆனது. அரசாங்கத்தின் தமிழ் வானொலியான ரேடியோ 6 மின்னல் எஃப்எம் ஆனது. ஜொகூர் பாருக்காரர்களுக்குச் சிங்கப்பூரின் ஒலி 96.8 எப்போதும் போல் இருந்தது. 1996இல் அஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்து வானவில் என்ற தமிழ் அலைவரிசையைக் கொண்டுவந்ததும் சென்னைக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த கப்பல் தூரம் மறைந்தது. அதோடு பாட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுவதும் நின்றுபோனது. ஏறுகிற வாரத்திலேயே இறங்கியும் விடுகிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

மகிழ்ச்சிக்கும் ஒன்று உண்டு. 2006இல் யோகி பியும் நட்சத்ராவும், அதாவது டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும், ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார்கள். மலேசியத் தமிழ்ப் பையன்களின் ராப். ஜொகூர் பாருவில் கார்க் கண்ணாடி இறக்கிவிட்டு அதை ஒலிக்கவிடாத இளைஞன் அந்த வருடம் இல்லை. அது தமிழ்நாட்டுக்குப் போனது, அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் கேட்டது. இதற்கு முன் மலேசியா வாசுதேவன் போனார், 1977இல் ‘16 வயதினிலே’ படத்தில் அவர் குரல் தமிழ்நாடெங்கும் பரவியது. ஆனால் அவர் அங்கே குடியேறிப் பாடினார். வல்லவன் இங்கே பிறந்து, இங்கே பிடித்துப்போய், பிறகு அங்கே போனது. ரஜூலா வந்த திசைக்கு எதிர்த்திசை.

இப்போது கணக்கு மறுபடி வாரத்துக்கு வந்திருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2013இல் மலேசியாவுக்கு வந்தது. மலேசிய இசைத்தட்டுத் துறையின் சங்கம் இணையத்தில் கேட்கப்படும் பாட்டுகளை வாராவாரம் எண்ணி வெளியிடத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் பில்போர்டு இதழும் மலேசியாவுக்கென்று ஒரு வாரப் பட்டியலைத் தொடங்கியது. கேட்கக் கேட்க எண் ஏறும். சம்பளத் தேதி வேண்டாம், பஸ் வேண்டாம், அட்டை வேண்டாம். கைப்பேசி வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் இதில் ஒன்று. இது நல்லது என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் இதற்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. என் அண்ணன் மகன் தம்போயில் குடியிருக்கிறான், சிங்கப்பூர் உட்லண்ட்சில் வேலை. விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பிப் பாலத்து நெரிசலில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போகிறவன். கணக்கைச் சிங்கப்பூரில் தொடங்கியிருக்கிறான், பணம் கட்டுவதும் சிங்கப்பூர் வெள்ளியில்தான். ஜொகூரில் இருந்து அவன் கேட்கும் பாட்டு எந்த நாட்டுக் கணக்கில் சேருகிறது என்று கேட்டேன், சிங்கப்பூரில்தான் இருக்கும் என்றான். அவனைப் போல நாள்தோறும் பாலம் கடப்பவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். பெரியக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஸ்கூடாயில் மகளோடு இருக்கிறாள். காலையில் சமையலறையில் மின்னலும் ராகாவும் மாறி மாறி ஓடும். வானொலியில் கேட்பது எந்த இணையப் பட்டியலிலும் ஏறாது. அவள் இன்னமும் எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்று விரலால் எண்ணுகிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் இப்போது ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு வருகிறேன்.